தையல் பிரித்த பிறகும் பொறுப்பு உண்டு

அறுவை சிகிச்சை செய்யக்கூடிய கட்டத்தில் நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்படும் பேறு நம் நாட்டில் மிகச் சிலருக்கே வாய்க்கிறது. ஓயாத இருமலைச் சளி என்றும், பிறகு காசநோய் என்றும் எண்ணி மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டுவிட்டு, நோய் பரவிய பின்னரே பெரும்பாலானோர் புற்றுநோய் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள். அந்தத் தாமதத்திலிருந்து தப்பிய சிலருக்கு நுரையீரலின் ஒரு மடலையும் அதைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றி, சில நாட்களில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கையில் ஒரு சீட்டு இருக்கும். மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி அதில் எழுதியிருக்கும். வந்தால் பார்ப்பார்கள். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க யாருக்கும் கடமை இல்லை. இந்த ஏற்பாடு மாற வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவரைக் குறைந்தது ஐந்தாண்டுகளுக்குத் தேடிச் சென்று அழைப்பது மருத்துவமனையின் கடமையாகவும், அதற்கான செலவு அரசின் பொறுப்பாகவும் ஆக வேண்டும்.

கட்டி முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது என்ற நோயியல் அறிக்கை வந்தவர்களிலும், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரையானவர்களுக்கு நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. அது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் நிகழ்கிறது. மூளை, எலும்பு, கல்லீரல், எஞ்சிய நுரையீரல் என எங்கு வேண்டுமானாலும் வரலாம். இதற்கு அப்பால், முதல் கட்டியோடு தொடர்பில்லாத புதிய நுரையீரல் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் ஆண்டுக்கு நூறில் ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் இவர்களைத் தொடர்கிறது; ஐந்தாண்டு தாண்டினாலும் அது அடங்குவதில்லை. சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அந்த இரண்டாம் புற்றையும் அறுவையாலோ குறிவைத்த கதிர்வீச்சாலோ குணப்படுத்தும் வாய்ப்பு உண்டு. கண்காணிப்பு என்பது புற்றைத் தேடுவது மட்டும் அல்ல. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, விலா எலும்பை ஒட்டி மாதக்கணக்கில் வலிக்கிறது என்பவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் வலி மருத்துவமும் வேண்டும். புகைப்பவர் என்றால் அதை விடவைப்பது இன்னும் முக்கியம். 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, ஆரம்பக் கட்ட நோயுடைய 65 வயதுக்காரர்களில் புகைப்பதைத் தொடர்பவர்களில் 33 சதவீதத்தினரும், நிறுத்தியவர்களில் 70 சதவீதத்தினரும் ஐந்தாண்டு உயிர் வாழ்வார்கள் என்று மதிப்பிட்டது. அது கணித மதிப்பீடுதான். ஆனாலும் பீடிக்கட்டைக் கீழே வைக்கச் சொல்லும் அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் காட்டப் போதுமானது. நோயாளி திரும்ப வந்தால்தானே அந்தப் பேச்சு நடக்கும்?

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் பிரான்சிலிருந்து வருகிறது. அங்கே 2005 முதல் 2012 வரை, அறுவை முடிந்த 1,775 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருத்துவர் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும். மற்றொரு குழுவுக்கு அவற்றோடு சி.டி. ஸ்கேனும். 2022இல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வெளியான முடிவின்படி, எக்ஸ்ரே குழுவின் இடைநிலை வாழ்நாள் 8.5 ஆண்டு, ஸ்கேன் குழுவினுடையது 10.3 ஆண்டு, ஆனால் புள்ளியியல் கணக்கில் அந்த வேறுபாடு உறுதியானதாகக் கொள்ளத்தக்கதாக இல்லை. இதைக் காட்டி, கண்காணிப்பால் உயிர் நீள்வதில்லை, வீண் செலவு எதற்கு என்று கேட்கிறார்கள். ஆய்வை ஊன்றிப் படித்தால் அதன் பொருள் வேறு. அங்கே இரு குழுவினருமே முதல் இரண்டு ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆண்டுக்கு ஒருமுறையும் மருத்துவரைப் பார்த்தார்கள். கைவிடப்பட்ட மூன்றாவது குழு ஒன்று அங்கே இல்லை. கண்காணிப்பில் எந்தக் கருவி வேண்டும் என்பதே அந்த ஆய்வின் கேள்வி. கண்காணிப்பு வேண்டுமா என்பது அல்ல. தவிர, மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகளும் நோயெதிர்ப்புச் சிகிச்சையும் இன்றைய அளவுக்குப் புழக்கத்தில் இல்லாத காலத்தில் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். மீண்டும் வந்த நோய்க்கு அன்று செய்ய முடிந்ததைவிட இன்று செய்ய முடிவது அதிகம்.

அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு: கருவியை அளந்து பயன்படுத்துவது. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சி.டி., அதன்பின் ஆண்டுக்கு ஒரு குறைந்த கதிர்வீச்சு சி.டி. என்று பரிந்துரைக்கிறது, கண்காணிப்புக்காக பெட் ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. கவலையில் இருக்கும் குடும்பத்திடம் விலை உயர்ந்த ஸ்கேனை எழுதிக்கொடுப்பது எளிது. அதைத் தடுக்கவும் ஓர் அரசு நெறிமுறை தேவை. வீண் பீதி பற்றிய அச்சமும் நியாயமானதே. பழைய காசநோய்த் தழும்புகள் நிறைந்த நம் மக்களின் நுரையீரலில் ஒவ்வொரு புள்ளியும் ஐயத்தைக் கிளப்பும். அந்தப் புள்ளி முன்பே இருந்ததா, வளர்ந்திருக்கிறதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். பீரோவில் ஒட்டிக்கிடக்கும் பிலிமை நம்பி அது நடக்காது. அறுவைக்குப் பின் எடுத்த முதல் படம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக் கணினியிலும் திறக்க வேண்டும். ஒழுங்கான கண்காணிப்பு இருக்கும் இடத்தில்தான் தேவையற்ற ஊசிப் பரிசோதனைகள் குறையும்.

இவ்வளவும் நம்மால் ஆகுமா என்று கேட்பவர்கள், இதே நுரையீரலுக்கு வரும் இன்னொரு நோயை நாம் எப்படிக் கையாள்கிறோம் என்று பார்க்கட்டும். காசநோய்க்கு மருந்து முடித்தவரை 6, 12, 18, 24ஆம் மாதங்களில் மீண்டும் பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. 'நிக்‌ஷய்' பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கிறது. அறுவைக்குப் பிந்தைய முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேண்டியதும் ஏறக்குறைய இதே கால அட்டவணைதான். புற்றுநோயாளி பரிசோதனைக்காகச் செய்யும் பயணத்துக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. அதாவது, பரிசோதனைக்குத் திரும்பி வருவதும் சிகிச்சையின் பகுதியே என்பதை இந்த நாடு கொள்கையளவில் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் ரத்த அழுத்த மாத்திரையோடு வாசலுக்கே வருகிறார்கள். காசநோயாளிகளோடும் சர்க்கரை நோயாளிகளோடும் ஒப்பிட்டால் நுரையீரல் அறுவை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது. புதிய துறை எதுவும் தொடங்க வேண்டியதில்லை.

எனவே, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நுரையீரல் புற்று அறுவைக்கான தொகை, ஐந்தாண்டுப் பரிசோதனைகளையும் சேர்த்த ஒரே தொகையாக இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை, அறுவை செய்த மருத்துவமனை இரண்டாம் ஆண்டு முடிவில் நோயாளியின் நிலையைப் பதிவு செய்த பின்பே வழங்க வேண்டும். தவறிய தேதிக்கு அடுத்த வாரமே தொலைபேசி அழைப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தகவல். அறுவை செய்த ஊர் சென்னையாகவோ மதுரையாகவோ இருக்கலாம். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சொந்த மாவட்டத்திலேயே நடக்கட்டும். தினக்கூலிக்காரர் ஒருவர் பேருந்துக் கட்டணத்தோடு துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியையும் சேர்த்தே இழக்கிறார் என்பதைத் திட்டமிடுவோர் கணக்கில் எடுக்க வேண்டும். ஐந்தாண்டு முடிந்ததும் கோப்பை மூடிவிடாமல், ஆண்டுக்கு ஒரு குறைந்த கதிர்வீச்சு ஸ்கேனுக்காக அவரை மாவட்ட மருத்துவமனையின் பெயர்ப் பட்டியலில் சேர்த்து, அடுத்து வர வேண்டிய தேதியை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.