பச்சை சிப்பி சாப்பிட்டதும் காய்ச்சலா? செப்டிக் ஷாக்குக்கு என்ன சிகிச்சை?

அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடா கரையோரம் ஆய்ஸ்டர் சிப்பியை எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே சாப்பிடுவார்கள். எலுமிச்சைக்கெல்லாம் 'விப்ரியோ வல்னிஃபிகஸ்' பாக்டீரியா சாகாது. நல்லா வேக வைத்தால்தான் சாகும்.

யாருக்கு ஆபத்து?
முக்கியமாக கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு. கிருமி ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், குளிர் நடுக்கம், தோலில் ரத்தக் கொப்புளம் வரும். பிறகு ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் செயலிழக்கும். இதுதான் செப்டிக் ஷாக்.

சிகிச்சை என்ன?
ரத்த மாதிரி எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின், செஃப்டாசிடைம் இரண்டையும் சேர்த்துத் தருவார்கள். கூடவே டிரிப்ஸ், பிரஷரை ஏற்றும் மருந்து. தசை அழுகினால் அறுவை சிகிச்சை.

பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 5-ல் ஒருவர் இறக்கிறார், சிலர் ஓரிரு நாளிலேயே என்கிறது அமெரிக்காவின் சிடிசி. அதனால் என்ன சாப்பிட்டோம் என்பதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.