பிரியாவிடையில் யாரையெல்லாம் நினைக்கிறது?

விலகிற தலைவருக்குப் புகழ்மாலை விழுறது வழமைதான். அமெரிக்காவின் ஜோர்ஜ்டவுன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு 2001 முதல் 2024 வரை தலைவராக இருந்த ஜோன் டிஜோயாவுக்கு அது பொருந்தும். 1838இல் இயேசு சபையினர் தாங்கள் அடிமைகளாக வைத்திருந்த 272 பேரை விற்று, பல்கலைக்கழகத்தின் கடனை அடைத்தார்கள். 2017இல் அவர்களின் சந்ததியினர் முன்னால் நின்று டிஜோயா மன்னிப்புக் கேட்டார்.

ஆனா அதுக்கு முன்னமே, 2015இல், அவரின் அலுவலக வாசலில் குந்தியிருந்து, விற்றவர்களின் பெயரைக் கட்டடங்களில் இருந்து எடுக்கச் சொன்னது மாணவர்கள். சந்ததியினருக்காக செமஸ்டருக்கு 27.20 டொலர் தாங்களே கட்டுவம் என்று 2019இல் வாக்களித்ததும் அவர்கள்தான். நிர்வாகம் அந்தக் கட்டணத்தை அறவிடாமல், நன்கொடை திரட்டுவதாகச் சொன்னது.

தலைவரைப் புகழுங்கோ. அவரைக் கேள்வி கேட்டவர்களையும் அதே மேடையில் நினையுங்கோ. இல்லாட்டி அது மரியாதை இல்லை, முகஸ்துதி.