பலாலிக்கும் திருச்சிக்கும் இடையில் எவ்வளவு தூரம்?

பலாலிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 185 கிலோமீற்றராகும். பலாலியிலிருந்து கட்டுநாயக்கவுக்கான தூரமோ ஏறத்தாழ 290 கிலோமீற்றர். அதாவது, நாட்டின் பிரதான சர்வதேச விமானநிலையத்தை விடத் திருச்சியே குடாநாட்டு மக்களுக்கு அண்மையில் உள்ளது. ஆயினும், பல தசாப்தங்களாகத் தமிழகம் செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர், முதலில் சுமார் 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்கு வந்து, பின்னர் மீண்டும் வடக்கு நோக்கிப் பறக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரப் பயணம் ஒரு நாள் பயணமாக மாறியமைக்குப் புவியியல் காரணமன்று.

இவ்வான்வழி புதியதொன்றுமன்று. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி புறப்பட்ட எயார் சிலோனின் முதலாவது விமானம், இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகவே சென்னை சென்றது. பின்னர் மூண்ட யுத்தம் பலாலியைப் படைத்தளமாக்கியது. 2009இல் யுத்தம் முடிவுற்ற போதிலும், யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையம் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபர் 17ஆம் திகதியே.

அடுத்த மாதம் ஆரம்பமான சென்னைச் சேவை, 2020 மார்ச்சில் கொவிட் பரவலினால் நின்றது. கட்டுநாயக்க 2021 ஜனவரியில் உல்லாசப் பயணிகளுக்காக மீளத் திறக்கப்பட்டது. பலாலியில் விமானம் மீண்டும் தரையிறங்கியதோ 2022 டிசெம்பர் 12ஆம் திகதியாகும். இடைப்பட்ட இத்தாமதத்துக்கு நோயை மாத்திரம் காரணம் கூறவியலாது. திருச்சிக்கான சேவை 2025 மார்ச் 30ஆம் திகதியே ஆரம்பமாகியது. அதிலும் ஈடுபடுத்தப்பட்டது எண்பதுக்கும் குறைவான பயணிகளை ஏற்றும் ஏ.ரீ.ஆர். ரக விமானமேயாகும்.

கிழக்கின் நிலை இதனினும் கவலைக்குரியது. மட்டக்களப்பு விமானநிலையம் 2018இல் சிவில் போக்குவரத்துக்காகத் திறக்கப்பட்டது. ஆயினும், தொழிலுக்காக மத்திய கிழக்கு செல்வோராயினும் உம்றாவுக்குச் செல்வோராயினும், காத்தான்குடி, கல்முனை மக்கள் நாட்டைக் குறுக்கறுத்து, இரவிரவாகப் பயணித்தே கட்டுநாயக்கவை அடைகின்றனர்.

பலாலியின் ஓடுபாதையை விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால், அங்குள்ள காணிகள் 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களுக்கு உரியவை. அபிவிருத்தியின் பெயரால் அவர்களை மீண்டும் ஏமாற்றலாகாது. எவ்வளவு காணி உண்மையில் தேவை என்பதைப் பகிரங்கப்படுத்தி, அதற்கு நியாயமான நட்டஈடு வழங்கி, எஞ்சியதை உரியவர்களிடம் கையளிப்பதே முறையாகும்.

வரைபடத்திலுள்ள தூரத்தை எவராலும் மாற்றவியலாது. பயண நேரத்தைத் தீர்மானிப்பது அரசின் கொள்கையே. திறப்பு விழாக்களின் எண்ணிக்கையைக் கொண்டல்ல, நோயாளி ஒருவர் வீட்டிலிருந்து புறப்பட்டு வைத்தியசாலையை அடைய எடுக்கும் மணித்தியாலங்களைக் கொண்டே இவ்விமானநிலையங்களின் பயனை மக்கள் அளவிடுவர்.