காக்கையைக் குறை சொல்லலாமா?

குயிலுக்குப் புகழையும் மயிலுக்குத் தேசியப் பறவை என்னும் பட்டத்தையும் தந்த நாம், நாள்தோறும் நம் வீட்டுச் சுவரில் வந்தமரும் காக்கைக்கு என்ன தந்தோம்? அமாவாசையன்று ஒரு பிடி சோறு. மற்ற நாள்களில் ஒரு கல்! மயிலின் பெயரைத் தாங்கிய மயிலாப்பூரிலும் கண்ணில் முதலில் படுவது காக்கைதான்.

காக்கையைப் பாடியதாலேயே நச்செள்ளையார் என்னும் சங்கப் புலவர் 'காக்கை பாடினியார்' எனப் பெயர் பெற்றார். சுற்றம் பேணும் பண்புக்கு வள்ளுவர் காட்டிய சான்றும் காக்கையே. அத்தகைய பறவையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அப்பட்டியல் நீக்கப்பட்டது.

காக்கை பெருகிவிட்டது, பிற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது என்பர். உண்மைதான். ஆனால் அது பெருகக் காரணம் யார்? தியாகராய நகர்க் கடைவீதியில் வீசும் எச்சில் இலைகளும், மயிலை மாடவீதிகளில் சிதறும் காய்கறிக் கழிவும், அடையாற்றங்கரையில் கொட்டும் இறைச்சிக் கழிவும் நாம் அதற்கு அன்றாடம் படைக்கும் விருந்தல்லவா? இரை மிகுந்தால் இனம் மிகும். இது இயற்கையின் கணக்கு.

ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சான்சிபார் தீவில், குப்பையைத் தின்று தீர்க்கும் என்று நம்பி 1890களில் நம் நாட்டுக் காக்கையைக் கொண்டுபோய் விட்டார்கள். குப்பை தீரவில்லை, காக்கை பெருகியது. அண்டை நாடான கென்யாவிலும் அது பரவியது. பத்து இலட்சம் காக்கைகளை அழிக்கப்போவதாக 2024ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அறிவித்தது. துப்புரவுப் பணிக்கு வந்த பறவைக்குக் கிடைத்த கூலி மரண தண்டனை! குப்பை போட்டவனுக்கு என்ன தண்டனை?

கோடையில் அடையாற்றுச் சோலைகளில் கூவும் குயிலும் பெரும்பாலும் காக்கைக் கூட்டில் பிறந்து, காக்கை ஊட்டி வளர்ந்ததுதான். ஆகவே காக்கையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. அளவோடு இருக்கட்டும் என்பதே என் கருத்து. அதற்குக் கல்லும் வேண்டாம், கண்ணியும் வேண்டாம். குப்பைத் தொட்டியின் மூடி போதும். மாடியில் ஒரு பிடி சோறு வைப்பது அறம். தெருவில் எச்சிலை வீசுவது அறமாகாது.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி உணவு விடுதியின் பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே கூடும் காக்கைகளை எண்ண வேண்டாம். கிடக்கும் இலைகளை எண்ணுங்கள். குற்றவாளி யார் என்பது விளங்கும். விளங்கியதும், முதல் இலையை நாமே எடுத்துத் தொட்டியில் போடுவோம்.