வேலிப் பொட்டைக் கண்டும் அடையாதிருக்கலாமா?

“தம்பி, கொழும்பிலே கந்தோர்க் கடிதம் தொலைந்தால் நாரந்தனைத் தோட்டக்காரனுக்கு என்ன?” என்று பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடையிறுப்பது எமது கடமை.

நடந்தது என்ன? 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள், அரச அலுவலகங்களின் மின்னஞ்சலைத் தாங்கி நின்ற இலங்கை அரச முகிற்கணிமை கப்பக் கள்வரின் தாக்குதலுக்கு இலக்காயிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குப் பணங் கேட்பது இக்கள்வரின் தொழில். 12 மணி நேரத்தில் இயக்கம் மீண்டது, கடிதங்களோ மீளவில்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான நூற்றுக்குச் சற்று மேற்பட்ட நாட்களின் கடிதங்கள் மறைந்தன. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் இவ்விழப்புக்கு ஆளாயின. அந்நாட்களுக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த காப்புப்படி இருக்கவில்லை.

அங்கே ஓடிய மென்பொருள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ‘எக்ஸ்சேஞ்ச் 2013’. 2023 ஏப்ரில் 11ஆம் நாளுடன் அதற்கான ஆதரவு முடிவுற்றது. அதன் பின் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வாராது. இது முன்கூட்டியே உலகறியச் சொல்லப்பட்ட நாள். நான்கு மாதங்களின் பின்னரும் அம்மென்பொருளே காவலில் நின்றது! வேலியிற் பொட்டு விழுந்ததை ஊரெல்லாம் அறியும். கட்டாக்காலி மாடும் அறியும். வேலிக்காரர் மாத்திரம் அடைக்கவில்லை.

இதிலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. ஒல்லாந்தர் காலத்தில் எந்தக் காணி எவருடையது என்று எழுதிவைத்த தோம்பை நாம் அறிவோம். இன்றைய அலுவலக வலையமைப்பிலும் அத்தகைய தோம்பு ஒன்று உண்டு. இன்னார் இன்ன உத்தியோகத்தர், இன்ன கடவுச்சொல் உடையார், இன்ன கோப்பைத் திறக்க உரித்துடையார் என்பன அனைத்தும் அதில் உள. உலகில் மிகப் பல நிறுவனங்களில் அதன் பெயர் ‘அக்டிவ் டிரெக்டரி’. எக்ஸ்சேஞ்ச் மென்பொருளும் தன் பயனாளரை அத்தோம்பைக் கொண்டே இனங்காணுகின்றது. ஒரு பெட்டியின் திறப்பைக் களவு கொடுத்தவன் ஒரு பெட்டியை இழப்பான். தோம்பையே களவு கொடுத்தவன் வீடு முழுவதையும் இழப்பான்.

2020இல் அத்தோம்பிலேயே பெரும் பொட்டு ஒன்று காணப்பட்டது. ‘சீரோலொகன்’ என்று அதற்குப் பெயர். நுழைவு கேட்பவன் வெறும் பூச்சியங்களை அனுப்பினாற் போதும். சராசரி 256 முயற்சிகளுள் ஒன்றிற் கதவு திறந்துவிடும். பின்னர் தோம்பைக் காக்கும் சேவையகத்தின் கடவுச்சொல்லையே அவன் மாற்றிவிடலாம். ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என்று மதிப்பிடப்பட்டது. ஓகஸ்ட் 11இல் மைக்ரோசொப்ட் திருத்தத்தை வெளியிட்டது. திருத்தம் வெளியாதல் வேலிக்காரனுக்கு மட்டுமன்றிக் கள்வனுக்கும் அறிவித்தலே. ஆகவேதான் அமெரிக்க அரசு செப்டெம்பர் 18, வெள்ளிக்கிழமை, தன் திணைக்களங்களுக்கு அவசரக் கட்டளை பிறப்பித்தது: திங்கள் இரவுக்குள் அடைத்து முடியுங்கள்! அங்கே மூன்று நாள் தவணை. இங்கே நமக்கு எத்தனை ஆண்டுத் தவணை?

பணமில்லை என்பார்கள். 2021 முதலே மாற்றத் திட்டமிட்டும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் தாமதமாயிற்று என்று பொறுப்பான முகவர் நிலையமே கூறியது. 2022இல் நாடு பட்ட பாட்டை நாம் மறந்தோமல்லோம். புதிய மென்பொருளுக்குப் பணம் வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால், நாள்தோறும் ஒரு படியெடுத்து வலையமைப்பினின்றும் கழற்றி வைப்பதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? தாக்குதலின் பின்னர் அதைச் செய்யத் துணிந்தவர்கள், முன்னர் செய்யாதது ஏன்? செல்லரிக்கும் முன் ஏட்டுக்குப் படியெடுத்த நம் முன்னோரிடம் முகிலும் இருக்கவில்லை, முகவர் நிலையமும் இருக்கவில்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். காணி அளவை, ஓய்வூதியம், பயிரழிவு இழப்பீடு என்று தோட்டக்காரர் கொடுக்கும் விண்ணப்பம் ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்தோடு நின்றுவிடுவதில்லை. அதுபற்றிய கடிதப் போக்குவரத்து மின்னஞ்சலில் ஏறுகின்றது. அது தொலைந்தால், “உமது விண்ணப்பம் கிடைக்கவில்லை” என்பதே மறுமொழி. தொலைத்தது கந்தோர், நிரூபிக்க வேண்டியவர் தோட்டக்காரர்! 1990களின் இடப்பெயர்வில் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து, கந்தோர் கந்தோராய் ஏறி இறங்கிய தீவக மக்களுக்கு இந்தச் சுமையின் கனத்தை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

அறிந்த ஆபத்தைத் தடுக்கக்கூடியவன் தடாதிருப்பின் அது கவனயீனம் என்பது சட்டத்தின் அரிச்சுவடி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது. ஆயினும், கடதாசியில் எழுதிய சட்டம் பொட்டை அடைக்காது. ஆகவே, நாம் கோருவன இவை: ஒவ்வொரு திணைக்களத்திலும் திருத்தங்களை உரிய தவணைக்குள் இடுவதற்குப் பெயர் குறித்த ஓர் உத்தியோகத்தர் பொறுப்பாதல் வேண்டும். அதற்கான செலவு சம்பளத்தைப் போல் முதற் செலவாதல் வேண்டும். காப்புப்படி வெளியே இருத்தலும், அது மீளுமா என்று சோதித்தலும் வேண்டும். இழப்பு நேர்ந்தால் தமிழிலும் சிங்களத்திலும் மக்களுக்கு உடன் அறிவித்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கந்தோர் தொலைத்த ஆவணத்தின் பழி குடிமகன்மீது விழலாகாது. நிரூபிக்கும் பாரத்தை அரசே சுமத்தல் வேண்டும்.

இக்கோரிக்கையை எழுப்புவோர் தம் வீட்டையும் பார்த்துக்கொள்வாராக. கட்சிக்காரரின் உறுதிகளைக் கணினியில் வைத்திருக்கும் சட்டத்தரணி, நோயாளரின் குறிப்பை வைத்திருக்கும் வைத்தியர், அங்கத்தவரின் கணக்கை வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கம் ஆகிய நாமெல்லாம், “பின்னர் பார்ப்போம்” என்று திருத்த அறிவித்தலைத் தள்ளிவிடுகின்றோம் அல்லவா? அந்தப் ‘பின்னர்’தான் கள்வனின் நேரம்.

பயிரை மாடு மேய்ந்த பின் வேலி அடைப்பவனை நாரந்தனையில் எவரும் கமக்காரன் என்று அழையார். அரசுக்கும் அந்த அளவுகோலே பொருந்தும்.