படுத்திருப்பவரைக் கேட்டோமா?

2020 அக்டோபரில் சேலத்தில் ஒரு முதியவரை, மூச்சு இருக்கும்போதே ஃப்ரீசர் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். வாடகைப் பெட்டியைத் திரும்ப எடுக்க மறுநாள் வந்தவர்கள்தான் உயிர் இருப்பதைப் பார்த்துப் பதறினார்கள். அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் சில நாட்களில் இறந்துபோனார். போலீஸ் வழக்குப் பதிந்தது. நாமும் ‘இப்படியுமா!’ என்று உச்சுக்கொட்டிவிட்டு மறந்துபோனோம்.

அந்தப் பெட்டி அபூர்வம். அவரைக் கேட்காமலே முடிவெடுத்தது அபூர்வமில்லை. சேலத்திலோ நாமக்கல்லிலோ மருத்துவமனை வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். டாக்டர் மகனை மட்டும் வெளியே அழைக்கிறார். “இனிச் செய்யறதுக்கு ஒண்ணுமில்லீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.” மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், “வயித்துப் புண்ணுதானுங்கப்பா, ஆறிருமாமா” என்கிறார். புற்றுநோய் என்பது தெருவுக்கே தெரியும்; நோயாளிக்குத் தெரியாது. வீட்டில் ‘இழுத்துக்கிட்டுக் கெடக்குது’ என்ற பேச்சு, அவர் காதுபடவே. மண்ணாசை தீரட்டும் என்று தோட்டத்து மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றும் வழக்கமும் உண்டு. அவருக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்பதில்லை.

இப்படிக் கேட்காத ஊரில், தீராத நோயில் துடிப்பவர் சாக உதவி கேட்டால் சட்டம் அனுமதிக்கலாமா? நெதர்லாந்து 2002-லேயே அனுமதித்துவிட்டது. அங்கே அடிப்படை, நோயாளி விவரம் தெரிந்து தானே கேட்பது. நோயின் பெயரையே மறைக்கும் வீடுகளில் ஊசி போட்டு முடிக்கும் உரிமை வந்தால், அதைப் பயன்படுத்தப்போவது மகனும் மருமகனும்தான். (சொத்துப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் ஊருக்குத் தெரியும்.) ஆகவே, இன்றைய நிலையில் அந்தச் சட்டம் வேண்டாம் என்பதே நம் கருத்து.

ஆனால் ஏற்கெனவே கையில் இருக்கும் உரிமையையே நாம் தொடவில்லை. கருணைக் கொலை கோரப்பட்ட மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில், 2011-ல் உச்ச நீதிமன்றம் அவர் விஷயத்தில் மறுத்தாலும், உயிர்காக்கும் சிகிச்சையை விலக்க நிபந்தனைகளோடு வழிவிட்டது. 2018-ல் ‘எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம்’ என்று நினைவோடிருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையை அரசியல் சாசன அமர்வு ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டுமென்ற கெடுபிடியும் 2023-ல் போய்விட்டது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரி போதும். எழுதிவைத்ததை நிறைவேற்றுமுன் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதைவிட அவசரம், வலி. ‘என்னைக் கொன்னுருங்க சாமி’ என்று கதறுகிறவர்களில் பலர் கேட்பது சாவை அல்ல, வலியில்லாத ஒரு ராத்திரியை. வலிபோக்கும் மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கத்தான் 2014-ல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிவரும் வலிநிவாரண சிகிச்சையும் உண்டு. ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் உள்ள கடைசிக் கிராமம்வரை மார்ஃபின் மாத்திரை தட்டுப்பாடில்லாமல் போய்ச்சேர அரசு வழிசெய்யட்டும். டாக்டர்களும் மகனை வெளியே அழைக்குமுன், கட்டிலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசட்டும்.