தப்பித்தவர்கள் மட்டும்தான் சாட்சியா?

பெண்ணாடம் பிரளயகாலேஸ்வரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்க்காது, வாசல் பக்கம் திரும்பியிருக்கும். பிரளய வெள்ளத்தைத் தடுக்க இறைவன் ஏவினார் என்கிறது தலபுராணம். வெள்ளம் வந்தால் கடவுள் தடுப்பார் என்ற ஆசை எல்லா மதத்துக்காரர்களுக்கும் உண்டு. அதில் தப்பில்லை நண்பர்களே. நிஜமாகவே வந்துபோன ஒரு வெள்ளத்தைப் பற்றி அப்படிக் கதை சொல்லும்போதுதான் பிரச்சனை!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் வெளியூர்க் கூட்டம். சுனாமித் தண்ணீர் பேராலயத்துக்குள் புகவில்லை, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்த பல நூறு பேர் செத்துப்போனார்கள். நாகை மாவட்டம் முழுக்க 6,000 பேருக்கு மேல்.

இதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு "மாதாவின் அற்புதம்" என்று இன்றைக்கும் சாட்சி சொல்கிறார்கள். வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்தால், பி.காம் முதல் வருஷப் பையன்கூட அதைக் கணக்கென்று ஒத்துக்கொள்ள மாட்டான். செத்தவர்களும் அதே மாதாவைத் தேடித்தானே வந்தார்கள்? பூசை முடிந்து கடலைப் பார்க்கப் போனது ஒரு குற்றமா? கையிலிருந்த பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாயிடம் போய் இந்தச் சாட்சியைச் சொல்ல யாருக்காவது வாய் வருமா??

பைபிளே இவர்கள் பக்கம் இல்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்த செய்தி லூக்கா 13-ல் வருகிறது. எருசலேமில் மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். தானியேல் புத்தகத்தில் சூளைக்கு முன் நின்ற மூன்று பேர், கடவுள் காப்பாற்றாமல் போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்கிறார்கள். காப்பாற்றப்படுவதற்கு முன்பே சொன்னது அது! பவுல் தன் முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார். முள் போகவில்லை. கிருபை போதும் என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டே மிச்சக் காலத்தையும் ஓட்டினார். இரக்கம், பலம் என்றெல்லாம் பிரசங்கத்தில் முழங்குகிறார்களே, அதற்கு அர்த்தம் இங்கேதான் இருக்கிறது.

இப்படிச் சாட்சி சொன்னால் பத்து பேர் விசுவாசத்துக்கு வருவார்கள் என்று ஒரு சமாதானம் உண்டு. வரட்டும். தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும் நாளில் அந்தப் பத்து பேரும் என்ன செய்வார்கள்?

வேளாங்கண்ணியில் ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் செத்தவர்களுக்காகப் பூசை வைக்கிறார்கள். நினைவுத்தூணுக்குப் போய் ஜெபிக்கிறார்கள். அற்புதம் பேசுகிறவர்கள் ஒரு வருஷமாவது அங்கே போய், அழுகிறவர்கள் பக்கத்தில் நின்றுவிட்டு வந்து பேசட்டும்.